துருக்கி வாள் உடைந்த மதியம்

இன்று காலை கடையின் இரும்புக் கதவு பாதியில் இறுகி நின்றுவிட்டது. லா சப்பல் கடைத்தெருவில் ஜனவரிக் குளிருக்கு அது வழக்கம்தான். முதலாளி உள்ளேயிருந்து எண்ணெய்ப் போத்தல் ஒன்றை நீட்டினார். மூடியைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. வசலின் எண்ணெய். என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

சென் தெனியில் பழைய ஆயுதங்கள் திருத்தும் பட்டறையில் நாம் இருவரும் ஒன்றரை வருடம் அந்த மணத்துக்குள்தான் கிடந்தோம். துருவைச் சுரண்டுவதும் எண்ணெய் பூசித் துடைப்பதும் நம் வேலை. பட்டறைக்காரக் கிழவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, 'முசியே' என்றே கூப்பிட்டோம். நமக்குள் பேசும்போதும் அவருக்கு அதுதான் பெயர். உனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வரும். எனக்குத் தலையாட்ட மட்டும் தெரியும்.

அந்தத் துருக்கி வாளை முசியே தனக்கென்றே வாங்கியிருந்தார். வளைந்த அலகு, நுனிப்பக்கம் மட்டும் அகன்று கனத்திருந்தது. உருக்கின் மேல் தண்ணீர் ஓடினாற்போல வரிகள். இப்படியான வாள்களுக்கு உருக்குக் கட்டிகள் நம் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் கப்பலில் போயின என்று அவர் சொன்னபோது, நீ என் காதுக்குள், "அப்ப இதுக்கும் விசாப் பேப்பர் இல்லையோ மச்சான்?" என்றாய். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

நனைத்த கம்பளியைச் சுருட்டி ஒரு மரத்தூணின் மேல் நிமிர்த்திக் கட்டி, ஒரே வீச்சில் வெட்டிக் காட்டினார். கம்பளியின் மேல்பாதி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகுதான் சரிந்தது. "கூர் நேராக இறங்கினால் இதை எதுவும் தடுக்காது. கை கொஞ்சம் திரும்பி அலகு பக்கவாட்டில் பட்டால் கண்ணாடிதான். குளிரில் இன்னும் மோசம். தொடாதீர்கள்" என்றார். நீதான் எனக்கு மொழிபெயர்த்தாய். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது.

மூன்று நாள் கழித்து அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அடுப்பு அணைந்து பட்டறை உறைந்து கிடந்தது. நான் வாளை எடுத்தேன். "வையடா அதை" என்றாய். ஒன்றே ஒன்று என்றேன். தூணில் மிச்சமிருந்த கம்பளி வெட்டுப்பட்டது கைக்குத் தெரியவே இல்லை. காற்றை வெட்டியது போலிருந்தது. அந்தச் சுகத்தில் இன்னொன்று வீசினேன். மணிக்கட்டு திரும்பிவிட்டது. அலகின் பக்கம் தூணில் மோதியது.

சத்தம் பெரிதாக இல்லை. கோப்பை ஒன்று விழுந்தது போலத்தான். உடைந்த அலகுத் துண்டு உன் புருவத்தை உரசிக்கொண்டு சுவரில் பட்டு விழுந்தது. நீ இரத்தத்தைத் துடைக்கவில்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என்னிடமிருந்து பிடியை வாங்கினாய்.

"மனிசியையும் பிள்ளையையும் கூப்பிட உனக்கு முசியேயின்ரை வேலைக் கடிதம் வேணும். எனக்கு இஞ்சை கூப்பிட ஆர் இருக்கினம்? வாயைத் திறவாதை."

முசியே வந்து இரண்டு துண்டையும் பார்த்தார். யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாய். அவர் சத்தம் போடவில்லை. உன் புருவத்துக்குத் துணி கொடுத்தார். பிறகு கதவைக் காட்டினார். நான் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

கடிதம் எனக்குக் கிடைத்தது. மனைவியும் மகளும் வந்தார்கள். இப்போது புறநகர் பொண்டியில் இருக்கிறோம். உனக்கு நிலையான வேலை பிறகு கிடைக்கவேயில்லை. மெத்ரோ ரயில் படிகளில் விளம்பரத் தாள் கொடுத்தாய், ரூ லூயி-பிளாங் தெருவில் உணவகச் சமையலறைகளில் அங்கும் இங்குமாக நின்றாய். ஒரு நாளும் அந்த மதியத்தைப் பற்றி நீ பேசவில்லை. ஊரில் போர் நின்று அமைதி வந்துவிட்டது என்று கடிதங்கள் வந்த மாதம், போகப்போகிறேன் என்றாய். விமான நிலையத்தில் நான் வாயெடுத்தபோது, "அதை விடு. பிள்ளைக்குச் சளி, வெளியிலை கொண்டு திரியாதை" என்றாய். புருவத்தில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது.

மூன்றாம் மாதம் மன்னாரில் நீ சந்தைக்குப் போன வழியில் ஷெல் விழுந்தது. நீ இல்லை என்று உன் தங்கச்சிதான் எழுதினாள்.

அந்த வாரமே முசியேயிடம் போனேன். அதற்குள் பழகியிருந்த பிரெஞ்சில், உடைத்தது நான்தான் என்றேன். அவர் நிமிரவில்லை. "தெரியும். அவன் இடக்கைக்காரன். தூணில் இருந்த அடி வலக்கையால் விழுந்தது" என்றார். தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "அவன் பொய்யை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ சொல்வாய் என்று நினைத்தேன்" என்றார். மறுநாளிலிருந்து நான் அங்கே வேலைக்குப் போகவில்லை.

போன மாதம் உன் தங்கச்சிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வாள், தூண், உன் புருவம், நான் பேசாமல் நின்றது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். முந்தாநாள் பதில் வந்தது. வீட்டுச் சங்கதிகள் இரண்டு வரி. அதன் கீழே ஒரே ஒரு கேள்வி.

"அண்ணை, எங்கடை அண்ணன் உங்களோடை கோவமா இருந்தவரோ?"

மேல்சட்டைப் பையில் அந்தக் கடிதத்தோடுதான் திரிகிறேன். இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். அதுதான் உண்மையும். அதை எழுதத்தான் என்னால் முடியவில்லை.