குதிரை இல்லாத அழைப்பு

உலான்பாதர்,
2013 மே 18

அன்புள்ள தம்தின்,

ஆடுகள் குட்டி போட்டு முடிந்ததா? புழுதிக்காற்றில் உன் இருமல் கூடியிருக்குமே. போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் சிக்னலுக்காக நீ மலை ஏற வேண்டும். ஏறி வந்தாலும் நாலாவது வாக்கியத்தில் சண்டை வந்து யாராவது ஒருவர் துண்டித்துவிடுகிறோம். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆக வேண்டும்? ஜீப் ஓட்டும் பாத்சூக்கிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நல்ல செய்தி. எங்கள் கலைப் பரிமாற்ற மையத்துக்கு ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை உதவ முன்வந்திருக்கிறது. பழைய பாடல்களைப் பதிவு செய்வது, வாத்தியக் கலைஞர்களை அங்கே அனுப்பி அங்குள்ளவர்களை இங்கே வரவழைப்பது, இதற்கெல்லாம் நம் கோவ்த் நகரத்தில் ஒரு கிளை அலுவலகம். அதற்கு யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது இயக்குநர் ஸெவ்ஜித் என் முகத்தைப் பார்த்தார். கோவ்திலிருந்து நம் வீடு நாலு மணி நேரம்தான். அந்தக் கொடும்பனியில் மந்தையில் பெரும்பகுதி செத்தபோது பிழைப்புக்காக இங்கே வந்தவள் நான். மூன்று வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது இப்படி ஒரு வழி திறக்காதா என்றுதான். மறுபடி புருஷன் பெண்டாட்டியாக ஒரே வீட்டில் இருக்கலாம், தம்தின்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஜூலையில் அறக்கட்டளைக்காரர்கள் வருகிறார்கள். அல்தாய் வீரகாதையைக் காதால் கேட்ட பிறகுதான் முடிவாம். நீ வந்து எட்டு நிமிடம் பாடினால் போதும். படிவம் இணைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

உன்
நன்ஸல்மா


தூத்,
ஜூன் 6

அன்புள்ள நன்ஸல்மா,

குட்டிகள் நூற்றுப் பத்து தங்கின. இருமல் தேவலை. உன் கடிதத்தைக் கடைசி வரை படித்தேன். படித்துவிட்டு வெளியே போய் விறகு பிளந்தேன். ஒரு வாரத்துக்கான விறகு அன்றே தயார்.

ஜூலையா? பனி விழுந்த பிறகு தொடங்கி, பனி உருகும் முன் நிறுத்திவிட வேண்டிய பாட்டை ஜூலையில் பாடி ஆலங்கட்டி மழையை வரவழைக்கச் சொல்கிறாயே, நீ எந்த ஊர்க்காரி? வெளிநாட்டான் கேட்டால் அவனுக்குத் தெரியாது என்று விடலாம். என் பக்கத்தில் ஏழு குளிர்காலம் உட்கார்ந்து கேட்டவள் நீ.

அடுத்தது, எட்டு நிமிடம். எட்டு நிமிடத்தில் அல்தாய் மலைக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே முடியாது. வீரன் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான். எடுத்த கதையை முடிக்காமல் விட்டால் கேட்ட வீட்டுக்கும் ஆகாது, பாடினவனுக்கும் ஆகாது. கையைத் தட்டிவிட்டு அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். வீரனை யார் வீடு சேர்ப்பது?

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது வேறு. பாட அழைக்க வருகிறவர் சேணம் போட்ட குதிரை ஒன்றைக் கூடவே கொண்டுவர வேண்டும். பாடுகிறவனை அதில் ஏற்றி முன்னே விட்டு, அவன் மீட்டிப் பாடும் தொப்ஷூரைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பின்னே வரவேண்டும். நீ காகிதம் அனுப்பியிருக்கிறாய். அதில் ஒரு கேள்வி: 'தங்களுக்கு ஒவ்வாத பொருள் ஏதேனும் உண்டா?' எழுதிவிட்டேன்: 'அரைகுறை.'

ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் நீயும் பஸ் ஏறினாய். அந்தப் பேச்சும் பாதியில்தான் நிற்கிறது.

தம்தின்


உலான்பாதர்,
ஜூன் 27

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

உன் படிவத்தை அப்படியே மேஜையில் வைத்தேன். ஸெவ்ஜித் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, எட்டு நிமிஷம் பாடினா வானமா இடிஞ்சு விழும்?" என்றார். "ஆமா சார், ஆலங்கட்டியா விழும்" என்றேன். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அங்கே உனக்காக நின்று வாதாடுகிறேன், இங்கே வந்தால் நீ என்னிடம் எந்த ஊர்க்காரி என்று கேட்கிறாய். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளமா நான்?

சரி, கேள். நிகழ்ச்சியை அக்டோபர் 12க்குத் தள்ளியாகிவிட்டது. அதற்குள் உங்கள் மலையில் பனி விழுந்துவிடும். நேரம் இருபது நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடப் பெயரவில்லை. ஆனால் அறக்கட்டளைத் தலைவி ஹெல்கா அம்மையார் போனில் நியாயமாக ஒன்று கேட்டார். "அப்படின்னா மீதிக் கதைய அவர் எங்க பாடுவார்?" மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்குகிற அறை ஒன்று இருக்கிறது, அங்கே பாடட்டும் என்றேன். ஸெவ்ஜித் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

ஒருவராவது உட்கார்ந்து முடிவு வரை கேட்டால் கதை முடிந்ததாகத்தானே அர்த்தம்? நான் உட்காருகிறேன். கதை முடிய ஆகும் ஆறு மணி நேரமும் அசைய மாட்டேன். இது என் வாக்கு.

குதிரைக்கு நான் எங்கே போவேன்? நான் குடியிருப்பது ஐந்தாவது மாடி. விமான டிக்கெட் அனுப்புகிறேன். அதைக் குதிரை என்று நினைத்துக்கொள்ளேன்.

உன்
நன்ஸல்மா


தூத்,
செப்டம்பர் 10

அன்புள்ள நன்ஸல்மா,

வைக்கோல் வேலை முடிந்தது. முதல் பனி நேற்று மலை முகட்டைத் தொட்டுவிட்டது.

வருகிறேன். இருபது நிமிடத்தையும் நாற்காலி அறையையும் எப்படியோ விழுங்கிவிட்டேன். குதிரை இல்லாத அழைப்புதான் தொண்டையில் நிற்கிறது. அதைப் பற்றி இனிப் பேசவில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வை. அறக்கட்டளையை நம்பி நான் புறப்படவில்லை. நீ உட்காருகிறேன் என்றாயே, அதை நம்பித்தான் வருகிறேன். உனக்கு நம் வீட்டுத் தயிர்க்கட்டி, ஆருல், ஒரு பை நிறையக் கொண்டுவருகிறேன். இந்த வருடம் நன்றாகக் காய்ந்து, பல்லை உடைக்கிற பதத்தில் இருக்கிறது.

உன்
தம்தின்


தூத்,
அக்டோபர் 20

நன்ஸல்மா,

வந்து சேர்ந்தேன்.

சட்டைக் காலரில் மைக் மாட்டினார்கள், பொறுத்துக்கொண்டேன். தூபம் போட்டால் அலாரம் அடிக்கும் என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். இருபதாவது நிமிடம் விளக்கு அணைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வீரன் அப்போதுதான் குதிரைக்குச் சேணம் போட ஆரம்பித்திருந்தான். மீட்டுவதை நிறுத்தாமலே எழுந்து நடந்தேன். நீ முன்னால் போய்க் கதவைத் திறந்தாய். பழைய பதாகைகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் என் எதிரே உட்கார்ந்தாய். மூன்று வருடத்துக்குப் பிறகு உன்னைப் பார்த்துக்கொண்டு பாடினேன். அதை மறைப்பானேன், சந்தோஷமாக இருந்தது.

முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவில் ஸெவ்ஜித்தின் தலை தெரிந்தது. நீ விரலைக் காட்டி "ஒரே நிமிஷம்" என்றாய். பாடிக்கொண்டிருக்கிறவன் 'போகாதே' என்று எப்படிச் சொல்வது? கதையின் வாயைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறேன், என் வாய் ஏது?

உன் ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை.

அறையைப் பூட்ட ஒரு பெண் வாளியோடு வந்தார். தரை துடைக்கிறவர், பெயர் தோல்கோர். என்னைப் பார்த்தார், எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார், வாளியை இறக்கிவிட்டு நீ இருந்த இடத்தில் உட்கார்ந்தார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் தன் பிளாஸ்கிலிருந்து பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "எனக்கு உவ்ஸ் மாகாணத்துப் பக்கம்தாங்க. கதையப் பாதியில விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பூட்டறதுக்கு என்ன அவசரம்" என்றார். அந்த மகராசியால்தான் வீரன் வீடு சேர்ந்தான்.

அதற்கப்புறம் நீ விருந்திலிருந்து கையில் ஒரு காகிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தாய். மறுபடியும் ஒரு காகிதம். அதை நான் ஏன் படிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

அலுவலகம் கிடைத்துவிட்டதாம், பாத்சூக் சொன்னான். நல்லது. வந்து திற. நம் வீட்டுக்கு வருவது பற்றி இப்போது எதுவும் எழுதாதே. ஆருல் பையை உன்னிடம் கொடுக்க மனம் வரவில்லை. தோல்கோரிடம் கொடுத்துவிட்டேன்.

தம்தின்


உலான்பாதர்,
நவம்பர் 12

அன்புள்ள தம்தின்,

மூன்று வாரமாக உன்னைத் திட்டி எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். யாருக்காக எழுந்து போனேன்? சாப்பாட்டு மேஜையில் யாரோ கிளையை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோகப் பேச்செடுத்துவிட்டார்கள். ஸெவ்ஜித் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். பேச்சு நள்ளிரவு வரை இழுத்தது. நான் போய் நிற்காவிட்டால் அன்றோடு எல்லாம் போயிருக்கும். நாம் ஒரே வீட்டில் இருப்பதற்காகத்தான் அந்த நாற்காலியை விட்டேன். இதில் என் தப்பு என்ன என்று உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை. போன வாரம் வரைக்கும்.

உன் காலர் மைக்கை யாரும் கழற்றவில்லை, உனக்குத் தெரியுமா? பின் அறையில் நீ பாடியதும் மொத்தமாகப் பதிவாகியிருக்கிறது. அதை வரிவரியாக எழுதித் தரச் சொல்லி ஹெல்கா அம்மையார் கேட்டிருக்கிறார். எழுதுகிற வேலை என்னுடையது. நாலு நாள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஓரிடத்தில் நாற்காலி கிறீச்சிடுகிறது. என் குரல், "ஒரே நிமிஷம்." கதவு. அந்த நேரம் வீரன் நதிக்கரைக்கு வந்திருக்கிறான். குதிரை தண்ணீரில் கால் வைக்கிறது. அடுத்த வரியிலும் கால் வைக்கிறது. அதற்கடுத்த வரியிலும். முதலில் என் கருவிதான் பழுது என்று நினைத்தேன். பிறகு நேரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம், தம்தின். பதினோரு நிமிடம் நீ வீரனை அந்தக் கரையிலேயே நிறுத்திவைத்திருக்கிறாய். பாட்டையும் நிறுத்தவில்லை, நதியையும் தாண்டவில்லை. நான் திரும்பி வருவேன் என்று. அப்புறம் வாளிச் சத்தம் கேட்கிறது. அப்புறம்தான் குதிரை அக்கரை ஏறுகிறது.

இதை ஏன் நீ எழுதவில்லை? தோல்கோரைப் பற்றி எழுதத் தெரிந்ததே, ஆருலைப் பற்றி எழுதத் தெரிந்ததே.

நான் காதிலிருந்து கழற்றிவிட்டு, அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். தோல்கோர்தான் வந்து தேநீர் கொடுத்தார். உன் ஆருல் அவர் பையிலிருந்தது. ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பதிவில் கேட்டது கேட்டதாகாது என்பாய். ஒத்துக்கொள்கிறேன். அலுவலகம் ஜனவரியில்தான் திறக்கிறது. அதற்கு முன், இந்த மாதம் 28ஆம் தேதி பஸ்ஸில் வருகிறேன். கோவ்திலிருந்து பாத்சூக்கின் ஜீப்பில் தூத் வந்துவிடுவேன். படிவம் கொண்டுவரவில்லை. யாரிடமாவது ஒரு குதிரை இரவல் வாங்கி, சேணம் போட்டு, உன் வாசலுக்கு வந்து முறைப்படி அழைக்கிறேன். தொப்ஷூரை நானே சுமக்கிறேன். முதல் வரியிலிருந்து பாடு. இந்தத் தடவை அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் நான் நன்ஸல்மா இல்லை.

மாட்டேன் என்பதாக இருந்தால் அதையும் வாசலில் நின்றே சொல். கடிதத்தில் வேண்டாம்.

உன்
நன்ஸல்மா


தூத்,
நவம்பர் 21

அன்புள்ள நன்ஸல்மா,

பாத்சூக் நாளை கோவ்த் போகிறான், அதனால் அவசரமாக எழுதுகிறேன். கணவாயில் முழங்கால் அளவு பனி. தடித்த பூட்ஸ் போட்டுக்கொள். ஊர்க் காலணியோடு வந்து விரலைத் தொலைக்காதே.

குதிரை இரவல் வாங்கினாய் என்று தெரிந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உன் செம்பட்டைக் குதிரை இங்கேதான் நிற்கிறது. அந்தக் கொடும்பனிக்குத் தப்பிய ஒரே குதிரை, திமிர் அதற்கேற்ற மாதிரி. மூன்று வருடமாக யாரையும் ஏற விடவில்லை. என்னை இரண்டு தடவை தள்ளியிருக்கிறது.

ஆனால் அழைக்க வருகிறவர்தான் குதிரையோடு வரவேண்டும். அது முறை. அதனால் இப்படிச் செய்வோம். ஜீப் நிற்கிற இடத்தில் அதையும் என் கறுப்பனையும் சேணம் போட்டுக் கட்டிவிட்டு, நான் வீட்டுக்கு நடந்து வந்துவிடுகிறேன். அங்கே நிற்க மாட்டேன். நீ ஒன்றில் ஏறி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்து கூப்பிடு. உடனே எழுந்து வந்துவிடுவேன் என்று நினைக்காதே. ஒரு கிண்ணம் தேநீர் குடிக்கிற நேரம் யோசிப்பேன்.

என்னை அழைத்துக்கொண்டு போக உனக்கு இங்கே வேறு வீடு கிடையாது என்பது எனக்கும் தெரியும். தொப்ஷூரை நீ வாங்கிக்கொள். மந்தைப் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இதே வாசலில் இறங்கிக்கொள்ளலாம்.

உன்
தம்தின்