மாடி வீட்டுக்குத் தனி வாசல்

இன்று காலை பத்து மணி இருக்கும். மாடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ‘டக்’. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முறம் எங்கே விழுந்ததென்று தெரியாது, எழுந்து ஓடினேன். முட்டி வலிக்காரி, இந்த வயதில் ஓடினேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஓடிப் போய் எங்கே நின்றேன் என்று சொல்வதற்கு முன்னால், யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

இந்த மாடி வீடு உங்கள் பிடிவாதம். ரிட்டயர் ஆன கையோடு ஆரம்பித்தீர்கள். “பையன் சென்னையிலயே தங்கிட்டான். மேல ஒரு வூடு கட்டி வாடகைக்கு வுட்டா, எனக்கப்புறம் நீ யாருகிட்டயும் கை நீட்ட வேண்டாம். பேச்சுத்துணையும் ஆச்சு” என்றீர்கள். சமையலறை, குளியலறை, மீட்டர், தண்ணீர்த் தொட்டி என்று எல்லாமே தனி. படிக்கட்டு வெளியே, அதற்குத் தெருவில் தனி கேட். கொத்தனார் நம் சமையலறைச் சுவரில், படிக்கட்டுப் பக்கம் ஒரு கதவுக்கு இடம் விட்டிருந்தார். அவசரத்துக்கு ஆகுமே, இருக்கட்டும் என்றேன். “கதவு இருந்தா அவங்க சக்கரை கேட்டு வருவாங்க, நீ உக்கார வச்சு ஊர்க்கதை பேசுவ. அப்புறம் வாடகைய எப்புடிக் கறாரா கேக்குறது?” பேச்சுத்துணை என்று சொன்ன அதே வாய்தான். செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டீர்கள். நானும் அதற்கு மேல் மல்லுக்கு நிற்கவில்லை.

முப்பது வருடம் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் நீங்கள். விசிலைவிடக் கையைத்தான் நம்புவீர்கள். பஸ் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். டைல்ஸ் வேலை நடந்த நாட்களில் மாடியிலும் அதே பழக்கம். தரையில் இரண்டு தட்டு தட்டினால் காபி வேண்டும் என்று அர்த்தம். நான் காபி கலந்துகொண்டு, நம் வாசல் வழியே தெருவுக்கு இறங்கி, அந்தக் கேட்டைத் திறந்து, ஒற்றைப்படையில் முடிய வேண்டுமென்று நீங்கள் அடம்பிடித்துக் கட்டிய பத்தொன்பது படியும் ஏறி வருவேன். “ரைட், வண்டி வந்துருச்சு” என்பீர்கள். எரிச்சலாக இருந்தாலும் சிரித்துவிடுவேன்.

அன்றைக்கு எல்லா வேலையும் முடிந்திருந்தது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றப் போகிறேன் என்று ஸ்பேனரோடு மாடிக்குப் போனீர்கள். பிற்பகலில் ஒரு தட்டு கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கழித்து இன்னொன்று. இரண்டு என்று எடுத்துக்கொண்டேன். பால் வைத்தேன். டிகாக்‌ஷன் போதவில்லை, புதிதாக இறக்கினேன். சிந்திவிடக் கூடாதென்று டம்ளரையே பார்த்தபடி ஒவ்வொரு படியாக ஏறினேன்.

குழாயடியில் ஒருக்களித்துக் கிடந்தீர்கள். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேம்மா” என்றார். சென்னையிலிருந்து ஓடி வந்த மகன், “அப்பா உன்னக் கூப்புடலையாம்மா?” என்று கேட்டான். “இல்லப்பா” என்றேன். இரண்டு வருடமாக அந்தப் பொய்யோடு இருக்கிறேன்.

அது இரண்டா, இல்லை ஒன்றும் ஒன்றுமா? நிறுத்தச் சொல்லித் தட்டினீர்களா? நான்தான் போகலாம் என்று எடுத்துக்கொண்டேனா? கேட்கவேண்டிய ஒரே ஆள் நீங்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடைத்த கதவின் இடத்தில் பூச்சு இன்னும் வேறு நிறமாகத் தெரிகிறது. சமைக்கும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறேன்.

வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று மகன் வற்புறுத்தி, போன மாதம்தான் வாடகைக்கு விட்டோம். பர்வீன், லப்பைக்குடிக்காட்டுப் பெண். கணவர் துபாயில். மகளின் படிப்புக்காகப் பெரம்பலூருக்கு வந்திருக்கிறாள். பால் காய்ச்ச வரச்சொல்லிக் கூப்பிட்டாள். முட்டி வலி என்று தட்டிக்கழித்தேன். அன்றைக்குப் பிறகு அந்தப் படியில் நான் கால் வைத்ததே இல்லை.

இன்று வைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது. பர்வீன் அதே குழாயடிப் பக்கம் உட்கார்ந்து, சின்ன உரலில் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இப்புடி மூச்சு வாங்குது? யாருக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. சத்தம் கேட்டுச்சு.”

“தொந்தரவா இருக்காம்மா? இனிமே அடியில துணி போட்டுத் தட்டிக்கிறேன்.”

“வேணாம். துணியெல்லாம் போடாத. நல்லாக் கேக்குற மாதிரியே தட்டு.”

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நீங்கள் எதற்காகத் தட்டினீர்கள் என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்று இன்று தெரிந்துபோயிற்று. தெரியாமலே இருந்திருக்கலாம். கையில் காபி இல்லாமல் ஏறினால் அந்தப் பத்தொன்பது படி ஒன்றுமே இல்லை. நான் போய் நின்றபோது, பர்வீன் அந்த ஒரு துண்டு இஞ்சியைக்கூட இன்னும் தட்டி முடித்திருக்கவில்லை.