சீன் ஏழு: அம்மா

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா நலம். போனில் கேட்டால் "மிக்ஸர்ல வேலைப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். சமையலறை மிக்ஸரா என்று பக்கத்து வீட்டு டெய்லர் கேட்கிறார். அந்த அரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதைத் தள்ளுகிறாய், எதை இழுக்கிறாய்? முக்கியமான வார்த்தைகளுக்காவது அர்த்தம் எழுது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்குப் புரியாமலா போகும்?

அம்மா போனபின் இந்த வீட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது ஒழுகும் குழாய் மட்டும்தான். அதையும் நேற்று பிளம்பர் சரிசெய்துவிட்டார்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பாடம் இதோ.

நான் மிக்ஸர் என்பது ஒலியைக் கலக்கும் மேசை, கன்சோல் என்றும் சொல்வோம். ஒவ்வொரு மைக்குக்கும் அதில் ஒரு சானல், அதாவது தனி வரிசை. மைக்கிலிருந்து வரும் ஒலியை எவ்வளவு உள்ளே எடுப்பது என்பது கெய்ன். உள்ளே வந்ததில் எவ்வளவை வெளியே அனுப்புவது என்பது ஃபேடர். மேலும் கீழும் நகரும் கட்டை. கெய்ன் அதிகமானால் சிவப்பு விளக்கு எரியும், குரல் கிழியும். பிறகு ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கிழிந்தது கிழிந்ததுதான். ஆக்ஸ் என்பது மேடையில் இருப்பவருக்கென்று தனியாக அனுப்பும் ஒலி. எல்லாம் சரியாக அமைந்ததும் 'சீன்' என்று பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்வோம். அடுத்த வாரம் ஒரு பொத்தானைத் தொட்டால் எல்லாம் அப்படியே திரும்ப வந்துவிடும்.

போன வருஷம் அம்மா என்னோடு இருந்தபோது, சனிக்கிழமைகளில் இங்கே பிள்ளைகளுக்குக் கதை படித்தாளே, அந்த சீன் இன்னும் இருக்கிறது. ஏழாவது. பெயரே 'அம்மா'தான். அடுத்த மாதம் புது கன்சோல் வருகிறது.

உங்கள்,
வாலு

பிப்ரவரி 19

என் வாலுவுக்கு,

கெய்ன் புரிந்தது. கடைசி பெஞ்சில் முணுமுணுக்கிறவனை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வது கெய்ன். அவன் சொன்னதை நான் வகுப்புக்குத் திருப்பிச் சொல்வது ஃபேடர். அவன் பயத்தில் அலறிவிட்டால், அந்த அலறலை நான் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் யாருக்கும் விளங்காது. சரியா? மார்க் போடு.

சீனும் புரிந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அவள் குரல் எங்குமே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! போனைத் தூக்கினாலே "படம் புடிச்சீங்க, அப்புறம் பேசவே மாட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முழங்கால் படுத்திய பாட்டில் நான் ஒரு சனிக்கிழமைகூட வந்து கேட்கவில்லை. புது கன்சோல் வருவதற்குள் அந்த ஏழாவதை எனக்கு அனுப்பிவிடம்மா. சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எப்படிப் போடுவது என்று டெய்லர் காட்டிக்கொடுத்தார். தினமும் துடைத்து வைக்கிறேன்.

அப்பா

மார்ச் 1

வாலு,

பதில் வரவில்லை. போனிலும் அதைப்பற்றி நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை அதிகமா? அவசரம் ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்கிறது.

அப்பா

மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். நான்தான் சரியாகச் சொல்லவில்லை. சீனில் குரல் இருக்காது அப்பா. குரலுக்காக நான் செய்துவைத்த ஏற்பாடு மட்டும்தான் இருக்கும். ஏழாவதைத் தொட்டால் கட்டைகள் தானாக நகர்ந்து அவளுக்காக நிற்கும். மைக் முன்னால் யாருமில்லை என்றால் ஒன்றும் கேட்காது. அன்றைக்கே பதிவுசெய்யட்டுமா என்று கேட்டேன். "புள்ளைங்க கேட்டா போதும்டி, போ" என்றுவிட்டாள்.

பழைய கன்சோலைக் கழற்றுவதற்கு முன் ஏழாவதை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். கெய்ன் மற்ற எவரையும்விட அதிகம். அவள் மைக்கை விட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பித்தான் படிப்பாள். தொம்மென்று கேட்கும் தாழ்ந்த ஒலிகளை வெட்டியிருந்தேன். பக்கம் திருப்பும்போதெல்லாம் மேசையில் கை இடிக்கும். சத்தம் எகிறினால் அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸரும் அவளுக்குத்தான் நிறைய. புலி வரும் இடத்தில் அப்படிக் கத்துவாள், வாக்கியக் கடைசியையோ விழுங்கிவிடுவாள். ஆக்ஸ் மட்டும் பூஜ்யம். "என் குரல் எனக்கே கேக்க வேணாம், கூச்சமா இருக்கு" என்றாள்.

பழைய சீன்கள் புது கன்சோலில் திறக்காது. திங்கட்கிழமை பழையதை எடுத்துப் போய்விட்டார்கள். மன்னித்துவிடுங்கள் அப்பா.

வாலு

மார்ச் 14

என் வாலுவுக்கு,

உன் கடிதத்தை அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டுவைத்துக்கொண்டுதான் பிரித்தேன். ஏமாற்றமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

மறுநாள் மறுபடி படித்தேன். வாக்கியக் கடைசியை விழுங்குவாள் என்று எழுதியிருந்தாயே, அங்கேயே நின்றுவிட்டேன். "கதவைச் சாத்திட்டு வா..." என்பாள். 'ங்க' ஒருநாளும் என்னிடம் வந்து சேர்ந்ததில்லை. மரியாதை எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லிட்டேன், உங்க காதுதான் டமாரம்" என்பாள். படித்துக்கொண்டிருந்தவன் தனியாகச் சிரித்துவிட்டேன். மேசையில் கை இடிக்கிற சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

ஸ்பீக்கரைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம். நான் கொடுக்கவில்லை. அவள் படித்த கதைப் புத்தகம் உன்னிடம்தானே இருக்கிறது? ஏதாவதொரு கதையை நீ படித்துப் பதிவுசெய்து அனுப்பு. நீயும் கடைசியை விழுங்குகிறவள்தான், "வெச்சுடறே..." என்பதோடு போன் நின்றுவிடுகிறது. அதைச் சரிபண்ணாதே. கம்ப்ரஸரும் வேண்டாம். புலி வரும் இடத்தில் நன்றாகக் கத்து.

சத்தம் கேட்டால் பயப்படவேண்டாம் என்று டெய்லரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருக்கும்,
அப்பா