என் பெயருக்கு வந்த இருபத்தேழு அட்டைகள்

அனுப்புநர்:
சா. மதிவதனி, வயது 34,
கீழவாய்க்கால்சேரி,
தஞ்சாவூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தஞ்சாவூர் அஞ்சல் கோட்டம்,
தஞ்சாவூர்.

பொருள்: எனக்கு வந்த அட்டைகளை இரண்டு ஆண்டுகளாக என் அண்ணனிடம் கொடுத்துவந்த கிளை அஞ்சல் அலுவலர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நிதானமாக எழுத வேண்டுமென்று மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை நான்காவதாக எழுதுகிறேன். சொற்கள் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. தஞ்சாவூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளராக வேலை பார்க்கிறேன். பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்கு முறைப்படி தேர்வெழுதி உரிமம் பெற்ற இயக்குநர். எங்கள் வீட்டு மாடியில் கட்டிய ஆன்டெனா கம்பி வழியாக, என்னைப்போலவே உரிமம் பெற்ற பிற நாட்டினருடன் பேசுகிறேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தங்கள் துறை எந்த அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறதோ, அதே அமைச்சகம்தான் எனக்கும் உரிமம் கொடுத்திருக்கிறது.

2. இருவர் முதன்முறை பேசினால், பேசியதை உறுதி செய்து அட்டை அனுப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். நாள், நேரம், அலைவரிசை, குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது ஆகியவற்றைக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அட்டை வேண்டுமென்று கேட்டவர் முதலில் அனுப்புவார். கிடைத்ததும் பதில் அட்டை அனுப்புவது மற்றவர் கடமை. அனுப்பாதவரை யாரும் திட்டமாட்டார்கள். மரியாதை தெரியாதவர் என்று மனதுக்குள் எழுதிக்கொள்வார்கள். "உங்கள் அட்டை வந்த அன்றே பதில் போடுவேன்" என்று ஒவ்வொருவரிடமும் வாக்குக் கொடுத்தேன். நாற்று நட்ட வயல் படத்துடன் ஐந்நூறு அட்டைகள் அச்சடித்தேன். இரண்டு ஆண்டுகளில் ஒன்றைக்கூட அனுப்பவில்லை. ஏனெனில் எனக்கு ஒரு அட்டைகூட வரவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

3. கடந்த ஞாயிறு (08.06.2025) குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த நேரத்தில், எங்கள் பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பழுதானது. என் அண்ணன் திரு. புகழேந்தி, கம்பி வேலை தெரிந்தவள் என்று என்னைத்தான் கூப்பிட்டார். பெட்டியைக் கழற்றியபோது, அது ஆடாமலிருக்க அதன் பின்னால் சொருகியிருந்த அட்டைகள் கீழே விழுந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயர். எண்ணினேன், இருபத்தேழு. ஜப்பான், பிரேசில், போலந்து, நார்வே. கிரீஸ் படிந்து, ஓரம் கரிந்து கிடந்தன. அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "எரிக்கவா செஞ்சேன்? பத்திரமாத்தான வச்சிருந்தேன்."

4. அவருக்கு அவற்றைக் கொடுத்துவந்தவர், எங்கள் ஊருக்கு வரும் தபால் முழுவதையும் கையாளும் கிளை அஞ்சல் அலுவலர் திரு. குஞ்சிதபாதம். மறுநாள் காலை அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்: "ஏம்மா, பொம்பளப் புள்ளைக்கு இத்தன வெளிநாட்டு ஆம்பளைங்க கார்டு போட்டா ஊரு என்ன பேசும்? அதுவும் பூரா நம்பரா எழுதியிருக்கு. ஒன் நல்லதுக்குத்தான் அண்ணன் கையில குடுத்தேன்." என் நல்லதைப் பார்த்துக்கொள்ள நான் அவரை நியமிக்கவில்லை, ஐயா. தபாலைக் கொடுக்கத்தான் அரசு அவரை நியமித்தது. என் பாலிடெக்னிக் சம்பளக் கடிதமும் ஆயுள் காப்பீட்டு நோட்டீசும் தவறாமல் என் கைக்கு வந்தன. அவற்றுக்கு மட்டும் நான் பெரிய மனுஷி.

5. அந்த இருபத்தேழில் மூன்று, நார்வேயில் ஒரு தீவில் வசிக்கும் திரு. ஓலாவ் என்பவருடையவை. வயது எண்பத்து மூன்று. கணினி வைத்துக்கொள்ளாதவர், அட்டை ஒன்றுதான் அவருக்கு அத்தாட்சி. முதல் அட்டையில் எங்கள் ஊர் மழையை விசாரித்திருந்தார். இரண்டாவதில், முதல் அட்டை தொலைந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். மூன்றாவதை அப்படியே தமிழில் தருகிறேன்: "பதில் வராததால், நான்தான் வேறு யாரோ பேசியதை உங்கள் குரல் என்று தவறாகக் குறித்துக்கொண்டேன் என்று எண்ணுகிறேன். என் பதிவேட்டிலிருந்து அந்த உரையாடலை நீக்கிவிட்டேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்." தவறே செய்யாத அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். செய்த இருவரும் இன்றுவரை கேட்கவில்லை.

6. என் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சென்ற மார்கழியில் ஒரு காலை, திரு. ஓலாவ், உரிமத்தில் எனக்குத் தந்த அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லி நான்கு முறை வானலையில் கூப்பிட்டார். தெளிவாகக் கேட்டது. அட்டைகூடப் போடாதவர் என்ற கோபத்தில் நான் பதில் பேசவில்லை. அதன்பின் அவர் குரல் கேட்கவே இல்லை. மூன்று நாட்களாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இரைச்சல்தான் வருகிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா.

7. ஆகவே நான் கோருவது:

திரு. குஞ்சிதபாதம் மீது துறை விசாரணை நடத்தி, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணின் தபாலும் அவள் கையைத் தவிர வேறு கைக்குப் போகாதபடி எழுத்தில் உத்தரவிட வேண்டும். கேட்டுப் பார்த்தால் நான் ஒருத்தி மட்டுமாக இருக்கமாட்டேன்.

திரு. ஓலாவின் மூன்று அட்டைகளும் எங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன, உரியவரிடம் தரப்படவில்லை என்று துறையின் முத்திரையோடு அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். என் பதில் அட்டையை நேற்றே தஞ்சாவூரில் அஞ்சல் செய்துவிட்டேன். ஆனால் இத்தனை காலம் கழித்து நான் சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? நாங்கள் பேசியது உண்மை. அது அவர் பதிவேட்டில் மீண்டும் ஏற வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்போதே.

இந்த மனுவுக்குத் தாங்கள் எழுதும் பதிலும் அதே கிளை அலுவலகம் வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வரும். எனவே அதை அஞ்சலில் அனுப்ப வேண்டாம். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, என் கையால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்) சா. மதிவதனி

இடம்: கீழவாய்க்கால்சேரி
நாள்: 11.06.2025

இணைப்பு: அட்டைகளின் நகல்கள் 27. அசல்களை யாரிடமும் தருவதாக இல்லை.