நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை

மார்ச் 4

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் கடிதம் கிடைத்துப் பதினெட்டு நாட்கள் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிப்புக் கோருகிறேன். தொலைபேசியில் தங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்று தெரிந்தும் தாமதித்தது என் பிழையே.

தங்கள் தம்பிக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புகளுக்கும் பரவிவிட்டது. இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர் கூறினார். "அப்போ வீட்டுக்கே போயிடலாம்" என்றார் இவர். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் திரும்பும் முனை. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் சும்மா இருப்பாரா? "எவன்டா அவன், கிளட்சைக் கொலை பண்றான்!" என்று படுத்தபடியே அதட்டுகிறார்.

வாரம் இருமுறை வரும் செவிலி, வலிக்கு மார்ஃபின் மருந்தை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தரச் சொன்னாள். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வீட்டிலேயே எழுத்துக் கற்றவள் எனினும், புட்டியோடு வந்த தாளை அகராதியின் துணையோடு மூன்று முறை வாசித்தேன். அது பழக்கமாகிவிடக்கூடும் என்று அதில் இருக்கிறது. ஆகவே அவர் கேட்டால் மட்டுமே தருகிறேன். அவரும் அபூர்வமாகவே கேட்கிறார். நலமாகத்தான் இருக்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் தம்பியின் மனைவி

மார்ச் 9

அன்புள்ள தம்பி பெண்டாட்டிக்கு,

உன் தமிழ் அச்சடித்தது போல இருக்கிறது. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது எனக்குக்கூட இப்படி வராது. ஆனால் உன் வைத்தியம் எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன வயதில் கன்னம் வீங்கும்வரை பல்வலியைச் சொல்லாதவன் அவன். கேட்டால்தான் கொடுப்பாய் என்றால் அவன் கேட்கவே மாட்டான். முதலில் அந்தச் செவிலியிடம் பேசு. இல்லையென்றால் நான் வந்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவேன். அங்கே மணி பார்த்தாவது கொடுப்பார்கள்.

உன் நாத்தனார்

மார்ச் 20

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இம்முறையும் தாமதம். இம்முறை காரணம் வெட்கம்.

தங்கள் கடிதம் வந்த மறுநாள் செவிலி வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே புட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, பாதிக்கு மேல அப்படியே இருக்கு?" என்றாள். நான் தாளைக் காட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்த வலிக்கு அளவாக் குடுத்தா அடிமையாக மாட்டாங்கம்மா. வலி வந்த பிறகு துரத்தக் கூடாது, வராமலே பார்த்துக்கணும்" என்றாள்.

அவரிடம், "இத்தனை நாளா வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"ஏன் சொல்லலை?"

"அடிக்கடி கேட்டா, நீ பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்னு நினைச்சேன். அதுவும் நீ அந்தத் தாளைப் படிச்சுட்டுச் சொல்றே. முப்பத்தாறு வருஷமா உன்கிட்ட வாதாடி ஜெயிச்சிருக்கேனா?"

அடுக்களையில் நின்று அழுது முடித்தேன். பிறகு கடிகாரம் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள், நெற்றிச் சுருக்கம் இல்லாமல் அவர் உறங்குவதைக் கண்டேன். அந்தச் சுருக்கத்தை வயதின் அடையாளம் என்றல்லவா எண்ணியிருந்தேன்!

இப்போது பாலில் ரொட்டி தோய்த்துச் சாப்பிடுகிறார். நேற்று நானே சவரம் செய்துவிட்டேன். தாடையில் லேசாகக் கீறிவிட்டது. "பிரேக் பிடிக்கத் தெரியாதவ கையில மாட்டிக்கிட்டேனே!" என்று சிரித்தார். இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு சில மாதங்களாக இல்லை.

இனி வாரக்கணக்குதான் என்று செவிலி கூறிவிட்டாள். அவருக்கும் தெரியும். தங்களை எதிர்த்து ஒருநாளும் எழுதியதில்லை, இன்று எழுதுகிறேன். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன். அது அவருடைய விருப்பம். என் பிழையை ஒப்புக்கொண்ட பிறகுதான் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வந்தது.

ஆனால் தாங்கள் வர வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காக அல்ல, எங்களோடு தங்குவதற்காக. "அக்கா வந்தா திட்டட்டும், திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சு" என்கிறார். அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

என்றைக்கு வருகிறீர்கள் என்பதை மட்டும் உடனே எழுதுங்கள்.

தங்கள் தம்பியின் மனைவி