விளக்கெண்ணெயில் வந்த கம்ப்ரஷன்

நண்பா,

இன்று காலை பினாங்கு ஜெலுத்தோங் பட்டறையில் என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். என் பழைய கார் நீலப்புகை கக்குகிறது. பாலிக் புலாவ் மேட்டில் ஏறச் சொன்னால் முக்கி முனகுகிறது. பட்டறைக்காரர் நல்ல மனிதர்தான். "அங்கிள், இன்ஜினைப் பிரிக்கவே வேணாம்லா. இதை ஊத்திட்டு சிந்தெடிக் ஆயில் மாத்துங்க. போன கம்ப்ரஷன் அப்படியே திரும்பி வந்துடும்" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஏதோ பழவாசனை சேர்த்திருந்தார்கள். அதற்கும் அடியில் விளக்கெண்ணெய் வாடை அடித்தது. மெய்யாகவே அடித்ததா, என் மூக்குதான் கற்பனை செய்ததா, தெரியாது. சட்டென்று மூடியைத் திருகிவிட்டேன்.

"தேஞ்சு போன இரும்பு இந்த பாட்டிலுக்குள்ளயா இருக்கு?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். அது நீ கேட்ட கேள்வி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதை வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை. மனைவி போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். போன் போட்டால், "அந்த ஓட்டைக் காரை வித்துத் தொலைங்கப்பா" என்பார்கள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், சாப்பிட முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே லோரியில் பிழைத்தோம். நான் ஓட்டுவேன், நீ மெக்கானிக். உன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளார்க்காக இருந்து கண்ணை மூடியவர். நீயும் மேசை நாற்காலியில் உட்காருவாய் என்று உன் சொந்தபந்தமெல்லாம் காத்திருக்க, நீ போய் லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டாய். "ஓமடா" என்று நீ தலையாட்டினால், "என்ன, ஹோமம் வளர்க்கிறியா?" என்று நான் கேட்பேன். "உங்கட தமிழைக் கேக்க என்ர காது நோகுது" என்பாய். சோற்றுக்கு வழியில்லாத அந்த நாட்களில் எப்படித்தான் அவ்வளவு சிரித்தோமோ!

பெட்ரோல் கிடைக்காமல் போனதும் லோரியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினோம். பாலிக் புலாவிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கி ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். கரித்தூசு சிலிண்டருக்குள் போய், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளை அரம் போட்டு ராவியதுபோல் தின்றுவிட்டது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் கைக்குப் பிடிப்பே இருக்காது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வாயுவை அழுத்திப் பிடிக்கும் பலம், அடியோடு போய்விட்டது. மேட்டில் நான் ஓட்டுவேன், நீ பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டே நடந்து வருவாய்.

ஒரு நாள் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிவிட்டு என்னைச் சுற்றிப் பார்க்கச் சொன்னாய். ஹேண்டில் முறுக்கிக்கொண்டு நின்றது. ஆகா, சரியாகிவிட்டது என்று நான் குதித்தேன். நீ என் தலையில் தட்டினாய்.

"விசரா, எண்ணெய் இடுக்கை அடைச்சுக்கொண்டு நிக்குது. எண்ணெய் கூடினா பிடிக்குது எண்டா ரிங் தேஞ்சு போச்சு எண்டு அர்த்தம். இது வண்டிக்கு என்ன வருத்தம் எண்டு காட்டும், நோயை மாத்தாது. தேஞ்ச இரும்பு எண்ணெயிலயா திரும்பி வரும்?"

நான் கேட்டேன்தான். காதில் வாங்கினேனே தவிர, மனசில் வாங்கவில்லை.

பிறகு உத்தரவு வந்தது. தீவில் உள்ள லோரிகளையெல்லாம் ராணுவம் சோதித்துப் பார்க்கும். தேறாத லோரியை உடைத்து உதிரி எடுத்துக்கொள்வார்கள், அதன் ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புவார்கள் என்று பேச்சு. போனவர்கள் ஒருவரும் திரும்பாத நேரம் அது. என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். நான் பதறிப்போய் உன்னிடம் ஓடி வந்தேன்.

நீ பதறவே இல்லை. "நான் போய் உண்மையைச் சொல்லுறன். அக்கரையில, பிறை ஊரில உடைஞ்சு கிடக்கிற லொறியில நல்ல ரிங் இருக்கு. நாலு நாள் தந்தா மாத்திப் போடுவன்."

"அவன்கிட்ட போய் நாலு நாள் கேப்பியா? கன்னத்துல நாலு வைப்பான்!"

"வைக்கட்டும். ரிங் மாத்தினா வண்டி ஓடும். ஓடுற வண்டியை ஆரும் உடைக்கமாட்டினம்."

நீ சொன்னது சரி. இன்றுவரை அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனை முறை தேடியிருக்கிறேன் தெரியுமா?

சோதனை நாள் காலையில் நான் உனக்கு முன்னால் போய்விட்டேன். என் மனைவியின் அம்மா பிரசவத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த விளக்கெண்ணெய் என் இடுப்பு மடிப்பில் இருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, நாலு துளையிலும் தாராளமாக ஊற்றி, மெல்லச் சுற்றி, மறுபடி மாட்டினேன். அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றான். லோரியின் எதிரே வந்து தானே ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினான். அது திமிறியது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினான்.

நீ உள்ளே வந்ததும் இன்ஜின் பிடித்ததும் ஒரே நேரம். வெள்ளைப்புகை கிளம்பிற்று. உனக்கு ஒரு முகர்தலே போதும். சட்டென்று என்னைப் பார்த்தாய்.

"யார் சரி செய்தது?" என்று அதிகாரி உடைந்த மலாயில் கேட்டான்.

நான் விரலை நீட்டி உன்னைக் காட்டினேன்.

ஏன் காட்டினேன் என்று நீ கேட்கவில்லை. நான்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியாட்கள் முன்னால் ஒருவரையொருவர் தூக்கிப் பேசுவது நம் பழக்கம், உனக்கு ஞாபகம் இருக்கும். "பினாங்கிலயே இவனைப்போல டிரைவர் இல்லை" என்று தோட்டக்காரர்களிடம் நீ அளப்பாய். "இவன் தொட்டா செத்த இன்ஜினும் எந்திரிக்கும்" என்று நான் பதிலுக்கு அளப்பேன். அப்படிப் பேசிப் பேசித்தான் நமக்குச் சுமை கிடைத்தது. அன்றும் அந்தப் பழக்கத்தில்தான் விரல் நீண்டது. உனக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பான் என்றுகூட நினைத்தேன். பயமும் இருந்தது, மறைக்க மாட்டேன். எண்ணெய் ஊற்றியவன் நான் என்று தெரிந்துவிடக் கூடாது என்ற பயம்.

அதிகாரி உன் தோளைத் தட்டினான். இவ்வளவு நல்ல லோரி இந்தத் தீவில் கிழங்கு சுமக்க வேண்டியதில்லை, இன்றே வடக்கே சயாமுக்குப் போகட்டும் என்றான். ஓட்ட அவனிடம் சிப்பாய் இருந்தான். கூடப் போக மெக்கானிக் போதும்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது பொய்க் கம்ப்ரஷன், இன்று மத்தியானம்வரைகூடத் தாங்காது என்று சொல்லியிருந்தால் நீ தப்பியிருப்பாய். என் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். உனக்கு இரண்டும் தெரியும். சாமான் பையை எடுத்துக்கொண்டு என் பக்கமாக வந்தாய்.

"எவ்வளவு ஊத்தினனி?"

"நாலுலயும்..." என்றேன்.

"விசரன்" என்றாய். தலையில் தட்டிச் சொல்வாயே, அதே குரல். கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மாவைப் பாத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாய்.

அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் போனேன். உன்னைச் சயாமுக்குக் கூட்டிப்போனதை மட்டும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, அது நல்ல லொறிதானே? இடைவழியில நிண்டு போகாதே?"

"நல்ல லோரிம்மா. அவன் கையால பார்த்த இன்ஜின், எங்கேயும் நிக்காது."

சண்டை முடிந்தபின் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவரைப் படகுத்துறையில் பார்த்தேன். உன்னை அவருக்குத் தெரிந்திருந்தது. சமதரையில் எப்படியோ ஊர்ந்து போய், எல்லையைத் தாண்டியதும் முதல் மேட்டிலேயே லோரி நின்றுவிட்டதாம். ஏமாற்றினாய் என்று உன்னை அடித்தார்களாம். கல் சுமக்கப் போட்டார்களாம், மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டாயாம். கடைசிவரை என் பெயரை நீ யாரிடமும் சொல்லவில்லை என்பதை அவர் பேச்சிலிருந்தே புரிந்துகொண்டேன். "பாவம், கெட்டிக்கார மெக்கானிக்குன்னாங்க, என்னமோ கோட்டை விட்டுட்டாரு" என்றார் அவர். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நீ செத்தாய் என்று சொன்னால் லோரி ஏன் நின்றது என்று கேட்பாரே! வாரம் தவறாமல் போவேன், அவரும் வாரம் தவறாமல் அதே கேள்வியைக் கேட்பார். என் பதிலை அவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். "அவன்ட லொறி எங்கயும் நிக்காது, வந்திடுவான்." பதினொரு வருஷம் அப்படித்தான் இருந்தார். தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவார். சாகக் கிடந்த அன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்றும் நான் "நல்ல லோரிம்மா" என்றேன்.

உனக்கு இதில் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. அந்தப் புகை மூக்கில் ஏறியபோதே உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவரும் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பார், லோரி ஏன் நின்றது என்று கேட்டும் இருப்பார். நீ அங்கேயும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.