எஞ்சின் மாற்றிய உங்கள் வண்டி

மட்டாஞ்சேரி, 1982

என் கருப்பு மச்சானுக்கு இருளாயி எழுதுவது.

சுகமா என்று உங்களைக் கேட்கக் கை வரவில்லை. உங்களை ஊர் மண்ணில் வைத்துவிட்டு, நான் திரும்பவும் சுக்குக் குடோன் வேலைக்கு வந்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் பிக்கப்பை இனிமேல் என் தம்பி செல்லதுரை ஓட்டப் போகிறான். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று டீசல் எஞ்சின் வைத்துவிட்டான். அது கனமாம், அதனால் முன் ஆக்சிலையும் மாற்றியாயிற்று. நாளைக் காலையில் வண்டியை வர்க்‌ஷாப்பிலிருந்து எடுக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி, "புது வண்டி மாதிரிதான்டி. எலுமிச்சம்பழம் வச்சு எடுக்கணும். தாலியறுத்தவ நீ முன்னால நிக்காத" என்கிறாள். மெக்கானிக் வர்க்கிச் சேட்டன் சிரிக்கிறார். "நம்பர் பழசு, பாடி பழசு. பின்னே எந்தா சேச்சி புதுசு?"

பழைய வண்டி என்றால், அதை வாங்கிய அன்றைக்கு நான் வைத்த குங்குமம் இன்னும் பானட் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. நாளைக்கும் நானே சூடம் காட்டலாம். புது வண்டி என்றால் கதவுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழம் வாங்கவா வேண்டாமா என்று தம்பி வாசலில் நின்று கத்துகிறான், இத்தோடு நிறுத்துகிறேன்.

மச்சான், நாளைக்கு நான் எங்கே நிற்கட்டும்?